சற்றா, கணிசமாகவா, வெகுவாகவா? வாசகர் கேள்வி – டீச்சர் பதில்

ஒன்று கூடியது, குறைந்தது, ஏறியது, இறங்கியது என்று எழுதும்போது அதற்கு முன்னால் எந்தச் சொல்லைப் போடுவது என்று கேட்டு இந்த முறை பல கடிதங்கள் வந்திருக்கின்றன. வினையடை என்று பாடப் புத்தகத்தில் படித்துவிட்டு மறந்துபோகும் சின்னச் சொற்கள்தான். ஆனால் ஒரு செய்தி உண்மையா, அரை உண்மையா என்பதைப் பல நேரம் அவைதான் முடிவு செய்கின்றன. அதனால் இந்த இதழை முழுக்க அவற்றுக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி (உயர்தர மாணவி, தலவாக்கலை): வணக்கம் டீச்சர். குடித்தொகை பற்றிய கட்டுரையில் "1971க்கும் 1981க்கும் இடையில் இந்தியத் தமிழர் தொகை சற்றுக் குறைந்தது" என்று எழுதினேன். எங்கள் சேர் "சற்று" என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு, பிழை என்று எழுதிவிட்டார். இலக்கணம் சரியாகத்தானே இருக்கிறது? கணிசமாக, வெகுவாக, குறிப்பிடத்தக்க அளவில் என்று நிறையச் சொற்கள் இருக்கின்றன, இவற்றில் எதைப் போட்டிருக்க வேண்டும்?

பதில்: இலக்கணம் சரிதான் தங்கச்சி, கணக்குத்தான் பிழை. 1971 குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டவர்கள் சுமார் 11 இலட்சத்து 75 ஆயிரம் பேர். 1981இல் அது சுமார் 8 இலட்சத்து 19 ஆயிரம். மூன்றரை இலட்சம் பேர் குறைந்திருக்கிறார்கள், அதாவது பத்துப் பேர் இருந்த இடத்தில் மூன்று பேர் இல்லை. இதற்கு முன்னால் "சற்று" என்ற சொல் நிற்கவே முடியாது.

இந்தச் சொற்களை நான் இப்படிப் பிரித்து வைத்திருக்கிறேன். "சற்று", "சிறிதளவு" என்றால் உற்றுப் பார்த்தால்தான் தெரியும், பார்க்காமல் விட்டாலும் பெரிய குறை இல்லை. "ஓரளவு" என்றால் மாற்றம் நடந்திருக்கிறது, ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. அந்த எதிர்பார்ப்பு இருக்கும் இடத்தில்தான் அந்தச் சொல் பொருந்தும். "விலை ஓரளவு குறைந்தது" என்று சொல்பவர் இன்னும் குறைய வேண்டும் என்று நினைக்கிறார். "கணிசமாக" என்றால் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாத அளவு, அதை விட்டுவிட்டு மேலே பேச முடியாது. "வெகுவாக" அதற்கும் மேலே, பழைய நிலையை நினைத்துப் பார்த்தால் இது வேறு என்று தோன்றும் அளவு. "பெருமளவில்" என்பதும், நம் நாட்டுச் செய்திகளில் அடிக்கடி வரும் "பாரிய அளவில்" என்பதும் முழுமையில் பெரும் பங்கு மாறிவிட்ட இடத்துக்கு உரியவை. பத்தில் ஒன்று குறைந்ததற்கு அவற்றைப் போட்டால், பத்தில் ஏழு குறையும்போது சொல்வதற்குச் சொல் மிச்சம் இருக்காது.

"குறிப்பிடத்தக்க அளவில்" என்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குறிப்பிடத் தகுந்தது என்று சொன்னவர் அதைக் குறிப்பிட வேண்டும். அடுத்த வரியில் எண் வரவில்லை என்றால் அந்தச் சொல்லுக்கு அங்கே வேலை இல்லை. பரீட்சை விடைத்தாள்களில் மிக அதிகமாகக் கண்ணில் படுவதும் இதுதான், ஒன்றும் தெரியாதபோது கை தானாக எழுதிவிடுகிறது.

உன் வாக்கியத்துக்கு என் தெரிவு "வெகுவாக". ஆனால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திவிடாதே. "குறைந்தது" என்ற வினையை மட்டும் வாசிப்பவருக்கு, ஏதோ பிறப்பு வீதம் குறைந்து தொகை தானாக இறங்கியது போலத் தோன்றும். நடந்தது அது இல்லை. 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்திய அரசுகள் இரண்டும் ஒப்பந்தம் செய்து, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது, 3 இலட்சம் பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுப்பது என்று முடிவெடுத்தன. மீதி இருந்த ஒன்றரை இலட்சம் பேரை ஆளுக்குப் பாதியாகப் பிரிப்பதென்று 1974இல் இன்னொரு ஒப்பந்தம் வந்தது. தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் என்று ஆட்கள் போன பத்தாண்டு அது. போன குடும்பங்களின் உறவினர்கள் உங்கள் தோட்டத்திலேயே இருப்பார்கள், கேட்டுப்பார். இன்னொரு காரணமும் உண்டு. 1981இல் சிலர் தங்களை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டார்கள், அதனாலும் இந்த எண் இறங்கியது. அந்தப் பத்தாண்டிலும் இங்கே பிள்ளைகள் பிறந்துகொண்டுதான் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், போனவர்களும் பதிவு மாறியவர்களும் சேர்ந்த தொகை இந்தக் குறைவை விடப் பெரியது என்பது விளங்கும்.

ஆகவே இப்படி எழுதிப்பார்: "1971இல் சுமார் 11.75 இலட்சமாக இருந்த இந்தியத் தமிழர் தொகை, ஒப்பந்தங்களின்படி ஆட்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டதாலும், ஒரு பகுதியினர் இலங்கைத் தமிழராகப் பதிவானதாலும், 1981இல் சுமார் 8.19 இலட்சமாக வெகுவாகக் குறைந்தது." உங்கள் சேர் வட்டம் போட்டது நல்லதுதான். அந்தச் சொல்லைப் பார்த்து நிறுத்திய ஆசிரியர் கிடைத்திருக்கிறார், அவரிடம் இன்னும் நிறையக் கேட்டுக்கொள்.

கேள்வி (வாசகர், அட்டன்): ரேடியோவிலும் பேப்பரிலும் எல்லாமே "சடுதியாக" கூடுகிறது, "சடுதியாக" குறைகிறது. இந்தச் சொல்லை இப்படி எல்லா இடத்திலும் போடலாமா?

பதில்: போடக்கூடாது. சடுதி என்பது வேகத்தைச் சொல்லும் சொல், அளவைச் சொல்லாது. பழைய வேதாகமத் தமிழில் "சடிதியாய்" என்று வருமே, அதே பொருள்தான், எதிர்பாராத நேரத்தில், குறுகிய பொழுதில். மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது எவ்வளவு என்பது ஒரு கேள்வி, எவ்வளவு நேரத்தில் என்பது இன்னொரு கேள்வி, இரண்டும் சேர்ந்தே போக வேண்டும் என்று இல்லை. கொஞ்சமாகச் சடுதியில் குறையலாம், வெகுவாக, ஆனால் மெதுவாகவும் குறையலாம்.

நம் மலைகளிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. கோப்பிப் பயிர் அழிந்ததைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் "இலைத் துரு நோயால் கோப்பி சடுதியாக அழிந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். நோய் கண்டுபிடிக்கப்பட்டது 1869இல். ஆனால் 1870களில் கோப்பிக்கு நல்ல விலை இருந்தது, நோய் பரவப் பரவவே புதிதாகக் காடு வெட்டிக் கோப்பி நட்டார்கள். விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து, 1880களில்தான் முழுதாகச் சரிந்தது. இதை "படிப்படியாக நலிந்து, 1880களில் வெகுவாகச் சுருங்கியது" என்று எழுதினால்தான் நடந்தது நடந்தபடி இருக்கும். சடுதியாக என்று எழுதினால், நோய் தெரிந்த பிறகும் பல வருடம் தோட்டங்கள் விரிந்தன என்ற முக்கியமான விஷயம் மறைந்துபோகும்.

தேயிலை அதற்கு நேர்மாறு. லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் நட்டது 19 ஏக்கர். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இலங்கையில் தேயிலை மூன்று இலட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. ஒரு கன்று கொழுந்து கொடுக்கவே சில வருடம் பிடிக்கும் பயிருக்கு முப்பது வருடத்தில் இவ்வளவு என்றால், "மளமளவெனப் பரவியது" என்று தாராளமாக எழுதலாம். எது வேகம், எது மெதுவு என்பது பேசும் பொருளைப் பொறுத்தது.

உண்மையான சடுதிக்கு நாம் எல்லாரும் சாட்சி. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்தது, மே நடுப்பகுதியில் 360 ரூபாய் அளவுக்குப் போய்விட்டது. "ரூபாயின் மதிப்பு சடுதியாகவும் பெருமளவிலும் வீழ்ந்தது." இங்கே இரண்டு சொல்லும் வேண்டும், ஒன்றை எடுத்தாலும் செய்தி குறைப்பட்டுவிடும்.

கேள்வி (வாசிகசாலை இளைஞர்கள், பொகவந்தலாவை): தோட்டத்தில் சுவர்ப் பத்திரிகை நடத்துகிறோம் டீச்சர். "தோட்டத் தொழிலாளரின் சம்பளம் கணிசமாக உயர்ந்துள்ளது" என்று எழுதி ஒட்டினோம். கொழுந்து எடுக்கிற அக்கா ஒருவர் வாசித்துவிட்டு "எந்தக் கடையில இந்தக் கணிசத்தை மாத்துறது" என்று கோபமாகக் கேட்டுவிட்டுப் போனார். நாங்கள் எழுதியது பொய்யா?

பதில்: பொய் இல்லை தம்பிமாரே, ஆனால் அந்த அக்கா கேட்டதில் நியாயம் இருக்கிறது, அவருக்குப் பதில் சொல்லும்படி எழுதுவதுதான் உங்கள் வேலை. ஒன்றொன்றாகப் பார்ப்போம்.

2019 கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். 2021 மார்ச்சில் வர்த்தமானி மூலம் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,000 ஆனது, அதில் 900 அடிப்படை, 100 வரவுசெலவுத் திட்டக் கொடுப்பனவு. எந்தப் பக்கம் இருந்து கணக்குப் போட்டாலும் கால் பங்குக்கு மேல் கூடியிருக்கிறது. ஆக, 2021 மார்ச்சில் "நாட்சம்பளம் கணிசமாக உயர்ந்தது" என்று எழுதியவர் சரியாகத்தான் எழுதினார்.

அடுத்த ஒன்றரை வருடத்தில் என்ன நடந்தது? 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதத்தைத் தொட்டது. அதாவது முந்தைய செப்டெம்பரில் 1,000 ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு இப்போது 1,700 ரூபாய் வேண்டும். திருப்பிப் போட்டால், அந்த 1,000 ரூபாய் நாட்சம்பளம் ஒரு வருடத்துக்கு முந்தைய 590 ரூபாய் அளவுக்குத்தான் சாமான் வாங்கியது. ரூபாய் நோட்டில் சம்பளம் மாறவில்லை, அடுப்படியில் வெகுவாகக் குறைந்துவிட்டது. அதே சம்பளத்தைப் பற்றிய இரண்டு வாக்கியமும் உண்மை.

2024 செப்டெம்பரில் 1,350 என்று வர்த்தமானி வந்தது, 35 வீத உயர்வு. இதையும் "கணிசமாக" என்று எழுதலாம், ஆனால் எதிலிருந்து எதற்கு, இடையில் விலைவாசி எங்கே போனது என்ற இரண்டையும் பக்கத்திலேயே வைத்தால்தான் அந்தச் சொல்லுக்கு மரியாதை.

இன்னொன்று, இது முக்கியம். "சம்பளம்" என்று எதைச் சொல்கிறீர்கள்? நாட்சம்பளம் கூடினால் மாதக் கடைசியில் கைக்கு வருவதும் அதே அளவு கூடும் என்று இல்லை. மாதத்தில் எத்தனை நாள் வேலை கொடுத்தார்கள், சொன்ன கிலோ எடுக்காததால் எத்தனை நாள் அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) விழுந்தது, கடனும் முற்பணமும் எவ்வளவு வெட்டுப்பட்டது என்பதெல்லாம் சேர்ந்துதான் வருமானம். நாளுக்கு 35 வீதம் கூடி, வேலை நாள் குறைந்துவிட்டால் கையில் வருவது சற்றுத்தான் கூடியிருக்கும். "நாட்சம்பளம் கணிசமாக உயர்ந்தது, மாத வருமானம் ஓரளவே கூடியது" என்று எழுத வேண்டிய இடத்தில், "சம்பளம் கணிசமாக உயர்ந்தது" என்று மொட்டையாக எழுதினால் வாசிக்கிற தொழிலாளிக்குத் தன் கையில் இருக்கும் துண்டுச் சீட்டு பொய் சொல்கிறதா, பத்திரிகை பொய் சொல்கிறதா என்று ஆகிவிடும். சம்பளத் துண்டைப் பார்த்து எழுதுங்கள். அந்த அக்காவிடமே போய், இரண்டு மாதத் துண்டைக் காட்டச் சொல்லிக் கேட்டு, அனுமதி கொடுத்தால் பெயர் போடாமல் அந்த எண்ணையே ஒட்டுங்கள்.

இதோடு சேர்ந்து வரும் ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூலையில் பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. "பணவீக்கம் வெகுவாகக் குறைந்தது" என்று செய்தி வந்தபோது, "அப்போ மாவு விலை ஏன் குறையல்ல" என்று கேட்டவர்கள் பலர். பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். வேகம் குறைந்தது, விலை இறங்கவில்லை. மலை ஏறுகிற பஸ் வேகத்தைக் குறைத்தாலும் மேலேதான் போய்க்கொண்டிருக்கும். எழுதும்போது "விலைகள் ஏறும் வேகம் வெகுவாகக் குறைந்தது, ஆனால் விலைகள் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன" என்று இரண்டு பாதியாக எழுதிவிடுங்கள், யாருக்கும் சந்தேகம் வராது.

கேள்வி (ஆசிரியப் பயிலுநர், நுவரெலியா): "மிகவும் கணிசமாக", "சற்றுக் கணிசமாக" என்று எழுதலாமா?

பதில்: வேண்டாம். கணிசமாக என்ற சொல்லிலேயே அளவு இருக்கிறது, அதற்கு மேல் இன்னொரு அளவை ஏற்றினால் இரண்டும் மங்கிவிடும். போதவில்லை என்று தோன்றினால் வெகுவாக என்று மாற்றுங்கள், அதிகம் என்று தோன்றினால் ஓரளவு என்று இறக்குங்கள். 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, இரசாயன உர இறக்குமதித் தடைக்குப் பின் 2022இல் சுமார் 25 கோடி கிலோ ஆனது. ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. இதற்குக் "கணிசமாகக் குறைந்தது" போதும், பக்கத்தில் எண் இருக்கும்போது மிகவும் என்ற முட்டு தேவைப்படாது.

கேள்வி (அனர்த்தக் குழு உறுப்பினர், அப்புத்தளை): எங்கள் தோட்டத்தில் மழைக்காலத்துக்கு ஒலிபெருக்கி அறிவித்தல் தயாரித்திருக்கிறோம். "மழை குறிப்பிடத்தக்க அளவு அதிகரிக்கும் பட்சத்தில் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." தமிழ் சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள் டீச்சர்.

பதில்: தமிழ் சரி ஐயா, ஆனால் தயவுசெய்து இதை இப்படியே வாசிக்காதீர்கள். இந்த இதழில் வந்த கேள்விகளில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான்.

கட்டுரையில் அளவுச் சொல் தளர்ந்தால் புள்ளி குறையும், அவ்வளவுதான். எச்சரிக்கையில் தளர்ந்தால் ஆள் வெளியே வரமாட்டார். "குறிப்பிடத்தக்க அளவு" என்பதை யார் குறிப்பது? நனைந்து வந்த பிள்ளைக்கு ஒரு அளவு, நாற்பது வருடம் அதே லயத்தில் இருந்து "இதைவிட மழையெல்லாம் பார்த்திருக்கோம்" என்று சொல்கிற தாத்தாவுக்கு வேறு அளவு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் லயங்களின் மேல் மண்சரிவாக மலை இறங்கியது. உங்கள் ஊரில் இருந்து அது எவ்வளவு கிட்ட என்று நான் சொல்லத் தேவையில்லை.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு எண் வைத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும். உங்கள் பிரதேசத்துக்கு எந்த எச்சரிக்கை மட்டம் அறிவிக்கப்பட்டிருக்கிறதோ, அந்த மட்டத்தின் நிறத்தையும் எண்ணையும் சொல்லுங்கள். தோட்டத்தில் மழைமானி இருந்தால் வாசிப்பைச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒன்று வைக்கச் சொல்லிக் கேளுங்கள், அது உரிமை.

அதோடு "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்பதையும் எடுத்துவிடுங்கள். யார் கேட்கிறார், யாரைக் கேட்கிறார் என்று தெரியாத வினை அது. இப்படி வாசித்துப் பாருங்கள்: "நேற்றுக் காலை முதல் இன்று காலை வரை 110 மில்லிமீற்றர் மழை பெய்திருக்கிறது. மேல் லயத்தில் இருப்பவர்கள் அடையாள அட்டை, மருந்து, பிள்ளைகளின் உடுப்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மழை விடாவிட்டால் இருட்டுவதற்கு முன் பாடசாலைக்கு வந்துவிடுங்கள். எண் 150ஐத் தாண்டினால் உடனே வெளியே வாருங்கள்."

ஒரு வினையடை மட்டும் இந்த அறிவித்தலில் இருக்கட்டும், அது "திடீரென". ஏனென்றால் அதைக் கண்ணால் பார்க்கலாம். சுவரிலோ நிலத்திலோ திடீரென வெடிப்பு விழுந்தால், இல்லாத இடத்தில் திடீரென ஊற்று வந்தால், ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் திடீரெனக் கலங்கினால் அல்லது நின்றுபோனால், மரமோ மின்கம்பமோ சாய்ந்தால், எந்த எண்ணுக்கும் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சிங்களத்தில் பேசும் குடும்பங்களும் பக்கத்தில் இருந்தால் அதே எண்களோடு அந்த மொழியிலும் வாசியுங்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை, மஸ்கெலியா): எங்கள் காலத்தில் மளமளன்னு, கிடுகிடுன்னு, வர வர என்றுதான் சொல்வோம். இப்போதைய பிள்ளைகள் இவற்றை எழுத்தில் போட வெட்கப்படுகிறார்கள். இவை கொச்சையா?

பதில்: கொச்சையே இல்லை ஐயா. "மளமளவென", "கிடுகிடுவென", "சரசரவென", "விறுவிறுவென" என்று எழுத்து வடிவம் கொடுத்துவிட்டால் எந்தக் கட்டுரையிலும் உட்காரும். "சடாரென" என்றால் ஒரே கணத்தில், ஒரே தரம். "மளமளவென" என்றால் நிற்காமல், ஒன்றன் பின் ஒன்றாக. "கிடுகிடுவென" பெரும்பாலும் ஏறுவதோடு போகும், "சரசரவென" வழுக்கிக்கொண்டு இறங்குவதோடு போகும். கணிசமாக, வெகுவாக என்பவை இந்த நடையைச் சொல்லமாட்டா. ஆனால் எவ்வளவு என்பதை இந்தச் சொற்கள் சொல்லாது, அதற்கு எண்ணோ அளவுச் சொல்லோ கூட வேண்டும்.

"வர வர" எனக்கு ரொம்பப் பிடித்த சொல். "வர வரக் குளிர் குறைகிறது" என்று உங்களைப் போன்ற ஒருவர் சொல்லும்போது, நேற்றும் பார்த்தேன், போன வருடமும் பார்த்தேன், இன்னும் அதே பக்கம்தான் போகிறது என்ற மூன்றும் அதற்குள் இருக்கிறது. இருந்து பார்த்தவர் மட்டுமே சொல்லக்கூடிய சொல். "படிப்படியாக" என்பது பதிவேட்டைப் பார்த்துவிட்டும் எழுதலாம், "வர வர" அப்படி இல்லை.

பழைய இலக்கணத்திலும் இந்த வேலைக்குச் சொற்கள் இருந்தன. உறு, தவ, நனி மூன்றும் மிகுதியைச் சொல்லும் என்கிறது தொல்காப்பியம், நன்னூல் அவற்றோடு சால, கூர், கழி என்பவற்றையும் சேர்க்கிறது. "சாலச் சிறந்தது", "நனி நன்று" என்று மேடையில் இன்னும் கேட்கிறோம். ஆனால் விலை "தவ" ஏறியது என்று இன்று யாரும் எழுதமாட்டார்கள், எழுதவும் வேண்டாம். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு "மளமள"வையே கொடுங்கள்.

கேள்வி (பல்கலைக்கழக மாணவர், பேராதனை): ஆய்வறிக்கையில் "சிக்னிபிகன்ட்லி" என்று வருவதை எல்லாம் "கணிசமாக" என்று தமிழாக்குகிறேன். சரியா? ஐயெல்ட்ஸ் ஆங்கிலப் பரீட்சை எழுதப்போகும் என் தங்கைக்கும் இதே குழப்பம்.

பதில்: உங்கள் அறிக்கையில் சரியில்லை. புள்ளிவிபரத்தில் அந்தச் சொல் அளவைச் சொல்லவில்லை. இந்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்கலாம் என்று தள்ளிவிட முடியுமா என்பதற்கான விடை அது. பொதுவாக 5 வீதத்தை எல்லையாக வைத்துச் சோதிக்கிறார்கள். ஆய்வுக்கு எடுத்த மாதிரி பெரிதாக இருந்தால் மிகச் சின்ன வித்தியாசம்கூட அந்தச் சோதனையில் தேறும், மாதிரி சிறிதாக இருந்தால் பெரிய வித்தியாசமும் தேறாமல் போகும். அதனால் "புள்ளிவிபர ரீதியில் குறிப்பிடத்தக்கது" என்று முழுதாக எழுதிவிட்டு, வித்தியாசம் எவ்வளவு என்பதைத் தனியாகக் கொடுங்கள். சோதனை செய்யாத இடத்தில் அந்த ஆங்கிலச் சொல்லையே தவிர்ப்பது நல்லது, அங்கே "கன்சிடரப்லி" இருக்கிறது.

தங்கைக்கு: வரைபடத்தை விவரிக்கும்போது "ஸ்லைட்லி", "கன்சிடரப்லி" அளவு, "கிராஜுவலி", "ராபிட்லி" வேகம், "ஷார்ப்லி" இரண்டும் கலந்தது. "ஸ்டெடிலி" என்றால் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக. கோடு எவ்வளவு உயரம் போனது, எவ்வளவு செங்குத்தாகப் போனது என்று இரண்டு தரம் பார்த்துவிட்டுச் சொல்லைத் தேர்வு செய்யச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் இந்தச் சொல் பெரும்பாலும் வினைக்குப் பின்னால் வரும், தமிழில் முன்னால்தான். "உயர்ந்தது கணிசமாக" என்று மாற்றிப் போடுவது தமிழில் கவிதைக்குச் சரி, அறிக்கைக்குச் சரியில்லை.

கேள்வி (சாதாரண தர மாணவன், பண்டாரவளை): இந்தச் சொற்களுக்குப் பிறகு எங்கே ஒற்று மிகும், எங்கே மிகாது? எப்போதும் இதில்தான் புள்ளி போகிறது.

பதில்: "ஆக", "என" என்று முடிந்து அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் மிகும் தம்பி. வெகுவாகக் குறைந்தது, கணிசமாகச் சரிந்தது, படிப்படியாகத் தேய்ந்தது, சடுதியாகப் பெருகியது, திடீரெனக் கூடியது. "மிக" என்பதற்குப் பிறகும் மிகும், மிகக் குறைந்தது. "மிகவும்", "பெரிதும்" என்று "உம்" வந்துவிட்டால் மிகாது, மிகவும் குறைந்தது, பெரிதும் குறைந்தது. "சற்று" என்பதற்குப் பின் மிகும், சற்றுக் குறைந்தது. "ஓரளவு" என்பதற்குப் பின் மிகாது, ஓரளவு குறைந்தது. "திடீரென்று" என்றாலும் மிகாது, திடீரென்று குறைந்தது. "பெருமளவில்" என்பதற்குப் பின்னும் ஒன்றும் வராது. உயர்ந்தது, ஏறியது, மாறியது, வளர்ந்தது என்று அடுத்த சொல் வந்தால் இந்தக் கவலையே இல்லை.